சிக்னலில் நின்றதும் ஏசி குளிர் போய்விடுகிறது, கேஸ் ஏற்றியும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்? (ரங்கூன், பழைய ஜப்பான் வண்டி)

வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, லேடான் சிக்னலில் நின்றால் வெறும் காற்று வருகிறது. வருஷா வருஷம் கோடையில் கேஸ் ஏற்றுகிறீர்கள். போதாக்குறைக்கு இடது பக்கக் கால்மிதி ஈரமாகிறது. மழைக்கு முன்னால் வெளிப்பக்கத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலையாகக் கேஸ் ஏற்றுவதை நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு எனக்கு முதலில் வரும் சந்தேகம் வண்டியின் மூஞ்சிப் பக்கம்தான். தாவ்போனில் ஒரே கொட்டகையில் மாமா டிங்கர் வேலை பார்க்கிறார், நான் ஏசி வேலை பார்க்கிறேன். என்னிடம் "ஏசி போச்சு" என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் கடைசியில் மாமா பக்கம் போய்த்தான் சரியாகின்றன. வெளிப்பக்கமும் ஏசியும் வேறு வேறு என்று நினைப்பதில்தான் காசு விரயமாகிறது.

பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு ஜல்லடை தெரியும். அதுதான் கண்டென்சர். உள்ளே உறிஞ்சிய சூட்டை வெளியே தள்ளுகிற இடம் அது. வண்டி ஓடினால் எதிர்க்காற்றே அதைக் குளிர வைத்துவிடும். நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஓடும்போது குளிர்ந்து நின்றால் போகிறது என்றால், அங்கே காற்று போகவில்லை என்று அர்த்தம்.

ஒரு சின்ன விஷயம் கேட்கிறேன். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா நாட்களில் உங்கள் ஏசி எப்படி இருந்தது? அன்றைக்கு வண்டி நகரவே நகராது, ஆனாலும் மண்டபத்துக்கு மண்டபம் முகப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அப்போது மட்டும் குளிர் நன்றாக இருந்திருந்தால் நோயைப் பாதி கண்டுபிடித்தாகிவிட்டது. திருவிழா வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுசாக வைத்து, நின்ற இடத்திலேயே ஒரு வாளித் தண்ணீரை கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் உள்ளே குளிர் ஏறினால் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெஸர் பெரும்பாலும் பிழைத்தது. சூடு வெளியே போகாததுதான் பிரச்சினை.

அடுத்தது காகிதச் சோதனை. ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கிரில்லுக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். அது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். தொளதொளவென்று நின்றால் மோட்டார் களைத்துவிட்டது. வெளியே தள்ளினால் யாரோ மோட்டார் மாற்றும்போது ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பழைய சாமான் கடையில் மோட்டார் வாங்கிப் போட்ட வண்டிகளில் இதைப் பார்க்கலாம். ஃபேனே சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டரும் சுத்தமாகத் தெரியும். மேல் பிராக்கெட்டைக் கழற்றி ரேடியேட்டரைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து டார்ச் அடித்தால்தான் நடுவில் இருப்பது தெரியும்: மண்ணும் எண்ணெயும் கலந்து கம்பளி மாதிரிப் படிந்த ஒரு படலம், அதில் கொசுவும் ஈசலும், கிழிந்த பிளாஸ்டிக் கவர், சித்திரையில் உதிர்ந்த படோக் மரத்துப் பூ மஞ்சள் போய்ப் பழுப்பாக ஒட்டியிருக்கும். போன வாரம் ஒரு புரோபாக்ஸ் வண்டியில் இந்தப் படலத்தை ஒரே துண்டாகப் பாய் சுருட்டுவது போல உரித்தெடுத்தேன். அந்த வண்டிக்கும் கேஸ் ஏற்றத்தான் வந்திருந்தார்கள்.

கழுவும்போது கவனம். சர்வீஸ் பையன்கள் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்து வழி மூடிக்கொள்ளும், நீங்கள் போனதைவிட மோசமாகத் திரும்பி வருவீர்கள். சாதாரண ஹோஸ் பைப் போதும். இஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும்.

மாமாவின் வேலை எங்கே வருகிறது என்றால், கண்டென்சரின் இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் பட்டைகளும் பிளாஸ்டிக் தடுப்புகளும் இருக்கும். கீழே இஞ்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். முன்பக்கம் இடி வாங்கிய வண்டியைச் சரிசெய்பவர்கள் பம்பரை மாட்டிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள், இந்தச் சில்லறைச் சாமான்களைத் திரும்ப மாட்ட மாட்டார்கள். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் தடுப்பு இல்லாவிட்டால், நிற்கும்போது ரேடியேட்டருக்குப் பின்னால் போன சூட்டுக் காற்று பக்கவாட்டில் சுற்றி வந்து மறுபடி கண்டென்சருக்குள் போகும். பெட்ரோல் பங்க் வரிசையில் ஏசியோடு நிற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் வண்டி ஜப்பானிலோ இங்கேயோ இடி வாங்கியதாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஸ்பாஞ்ச் பட்டை வெட்டி ஒட்டுவது பெரிய செலவு இல்லை.

இனி கேஸ். "கொஞ்சமா கேஸ் மட்டும் போடுங்க, சயா (பர்மிய மொழியில் ஐயா)" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. பல வருஷத்தில் ரப்பர் வழியாகச் சிறிது கசியும், அவ்வளவுதான். ஒவ்வொரு கோடையிலும் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. இல்லையென்றால் குறையாத இடத்தில் மேலே மேலே ஊற்றுகிறார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டாவது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் கேஸ் அதிகமானாலும் இதே அறிகுறிதான் வரும்: ஓடினால் குளிரும், நின்றால் பிரஷர் ஏறிக் குளிர் போகும், ரொம்ப ஏறினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரெஸரை நிறுத்திவிடும்.

சின்ன வண்டிகளுக்கு மொத்தமே 400 முதல் 600 கிராம்தான் பிடிக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று பானெட் அடியிலோ ரேடியேட்டர் மேல் சட்டத்திலோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் ஆர்134ஏ என்ற கேஸின் பெயரும் கிராம் எண்ணும் படிக்கிற மாதிரிதான் இருக்கும். ஜப்பான் டப்பா ஒன்று 200 கிராம், அதனால் கணக்கு சுலபம். பெரிய சிலிண்டரிலிருந்து ஏற்றினால் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். தராசு இல்லாத கடையில் கையைத் தடவிப் பார்த்து "போதும்" என்பார்கள், அங்கே வேண்டாம்.

இஞ்சின் ஓடாதபோது மீட்டர் மாட்டி "கேஸ் இருக்கு" என்று சொல்வதையும் நம்பாதீர்கள். 30 டிகிரி சூட்டில் உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய 95, 100 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) தான் காட்டும். திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை பிரஷர் வெப்பத்தைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததல்ல. ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நம் ஏப்ரல் வெயிலில் பிரஷர் குறைந்த லோ பக்கம் 30லிருந்து 40, பிரஷர் கூடிய ஹை பக்கம் 200லிருந்து 250 பிஎஸ்ஐ என்றால் கவலை இல்லை. நிற்கும்போது ஹை பக்கம் 300ஐத் தாண்டினால் காற்றுப் போக்கு சரியில்லை அல்லது கேஸ் அதிகம். இரண்டு பக்கமும் குறைவாக இருந்தால் கசிவு. அப்படியானால் குழாய் இணைப்புகள், கேஸ் ஏற்றும் வால்வு, கம்ப்ரெஸர் முன்பக்கம், கண்டென்சரின் கீழ்மூலை என்று எங்கே எண்ணெய்க் கறையில் தூசி ஒட்டியிருக்கிறதோ அங்கே சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். சரிசெய்த பிறகு வேக்யூம் பம்ப் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். மழைக்காலத்தில் குழாயைத் திறந்தால் இன்னும் கூடுதலாக. உள்ளே ஈரம் தங்கினால் கேஸ் குறுகிய துவாரத்தில் புகும் எக்ஸ்பேன்ஷன் வால்வில் ஐஸ் கட்டி, இருபது நிமிஷம் குளிர்ந்து நின்றுபோகும், கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி வரும்.

மலிவாகக் கிடைக்கிற டப்பாவுக்கு ஆசைப்படாதீர்கள். ஆர்134ஏ என்று லேபிள் ஒட்டிய போலிக் கேஸ் இந்தப் பக்கத்து நாடுகளில் சுற்றியது பழைய கதை. 2011ல் வியட்நாமில் பழுது பார்த்த கப்பல் குளிர் கண்டெய்னர்கள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். போலிக் கேஸில் இருந்த மெதில் குளோரைடு அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறியதுதான் காரணம். நம் கண்டென்சரும் அலுமினியம்தான். உங்களுடையது ஹைப்ரிட் வண்டி என்றால் இன்னொன்று: அதன் கம்ப்ரெஸர் கரண்டில் ஓடுவது, சாதாரண ஏசி எண்ணெய் அதற்குள் போகக் கூடாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சரி, ஈரக் கால்மிதி. நம் வலது ஸ்டியரிங் வண்டிகளில் ஏசிப் பெட்டி இடது டேஷ்போர்டுக்கு உள்ளேதான் இருக்கும், அதனால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் போகும். மழையே இல்லாத நாளில் ஏசி ஓடிய பிறகு ஈரமாகிறதா? அப்படியானால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழவில்லை என்றால் நிச்சயம். கீழிருந்து காற்று ஊதினால் சகதியோடு வந்துவிடும், கம்பியை ஆழமாக விட்டுக் குத்தாதீர்கள். ஈரம் பிசுபிசுப்பாக, லேசான தித்திப்பு வாசனையோடு இருந்தால் அது ஹீட்டர் கசிவு, கூலன்ட் தண்ணீர்.

மழை பெய்தால் மட்டும் ஈரமாகிறது என்றால் ஏசியை விட்டுவிடுங்கள். வைப்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஜல்லடையைக் கழற்றுங்கள். ரங்கூனில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் அங்கே ஒரு கூடை இலை இருக்கும். அது வடிகால் வாயை அடைத்து, தண்ணீர் மட்டம் ஏறி, ஏசி காற்று இழுக்கும் துவாரம் வழியாக உள்ளே வந்துவிடும். அதுவும் சுத்தமாக இருந்தால் கதவைப் பாருங்கள். கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு, கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற. கதவைத் திறந்து மூடும்போது உள்ளே களகளவென்று சத்தம் கேட்டால் அவை அடைத்திருக்கின்றன. கதவுப் பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டியவரோ பவர் விண்டோ பார்த்தவரோ அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார். அங்கிருந்து தண்ணீர் நேராகக் கம்பளத்துக்கு இறங்கும்.

கையோடு கையாக குளவ் பாக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். அது கறுத்திருந்தால் காற்றே வராது, மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை.

மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது, அதனால் வைப்பர் ரப்பரை அதற்கு முன்பே மாற்றுங்கள். கோடை வெயிலில் அது கருவாடாகிவிடும். வட ஜப்பானில் பனிக்கு உப்புத் தூவுகிற ஊரிலிருந்து வந்த வண்டி என்றால் அடிப்பக்கத் துருவைத் தூக்கிப் பார்த்து, சுரண்டிவிட்டுப் பூச்சு அடியுங்கள். துருவின் மேலேயே தார் அடித்து மூடுவது வீண். மஞ்சளான ஹெட்லைட்டுக்குப் பற்பசை தேய்த்தால் சில வாரம் பளபளக்கும். நிலைக்க வேண்டுமானால் தண்ணீர்ப் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 1000, 2000, 3000 நம்பர் என்று தேய்த்து மேலே வெயிலைத் தாங்கும் யூவி கிளியர் பூச்சு அடிக்க வேண்டும்.

ஹெட்லைட் பேச்சு வந்ததால், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1970 டிசம்பரில் நம் நாடு (பர்மா) சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஜப்பானில் இன்றும் இடப்பக்கம்தான். அங்கே செய்த விளக்கின் லோ பீம் இடது ஓரத்தைக் காட்டுவதற்காக இடது பக்கம் மேலே ஏறி அடிக்கும். நம் ஊரில் இடது பக்கம் எதிர் வண்டி வருகிறது. தன்லின் பாலத்தில் எதிரே வருபவர் உங்களைப் பார்த்து விளக்கை மினுக்கினால் காரணம் இதுதான். ராத்திரி ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள், வெளிச்சக் கோடு இடது பக்கம் சரிவாக மேலே போவது தெரியும். சில விளக்குகளில் உள்ளேயே மாற்றும் நெம்புகோல் உண்டு. இல்லாவிட்டால் வலப்பக்கப் போக்குவரத்துக்கான விளக்கு கிடைத்தால் போடலாம். அதுவும் கிடைக்கவில்லை என்றால் இரண்டு விளக்கையும் திருகாணியால் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். அதிக வாட் பல்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், எதிரே வருகிறவருக்குக் கண் இருட்டிவிடும்.