இலையும் கூரையும்

அன்புள்ள ஐயா,

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் பெரிய நாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ஐ இரண்டு முறை வாசித்துவிட்டேன். அவருடைய சிறிய ஆக்கங்களை எந்த வரிசையில் வாசிக்கலாம்? தேவதைக் கதைகள் வாழ்க்கைக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்கானவை என்கிறான் என் நண்பன். வேலை, வீடு, அக்கம்பக்கத்தாரின் தொல்லை என்று எழுதவே நேரமில்லாத எனக்கு அந்த ஓட்டமாவது வாய்க்கட்டுமே என்று தோன்றுகிறது.

ர.

அன்புள்ள ர.,

வரிசை ஒரு பொருட்டல்ல. 1967இல் வெளிவந்த, ஊட்டன் மேஜர் என்ற ஊரின் கொல்லனைப் பற்றிய கதையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது வயதானவர் விடைபெறும் கதை. உங்கள் நண்பருக்கு டோல்கீனே 1939 மார்ச்சில், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக உரையில் பதில் சொல்லிவிட்டார்: சிறைப்பட்டவன் வீடு திரும்பத் தவிப்பது வேறு, படைவீரன் களத்தை விட்டு ஓடுவது வேறு.

என்னைத் தைத்தது 'அக்கம்பக்கத்தாரின் தொல்லை' என்ற உங்கள் சொல்தான். 1945இல் வெளிவந்த, நிக்கிள் என்பவனைப் பற்றிய டோல்கீனின் சிறுகதையைச் சென்ற வாரம்தான் மீண்டும் வாசித்தேன். நிக்கிள் ஓர் ஓவியன். மரத்தைவிட இலையை நன்றாக வரைபவன். காற்றில் அலையும் ஓர் இலையாகத் தொடங்கிய அவனுடைய ஓவியம் மரமாகி, மரத்துக்குப் பின்னால் காடும் பனிமலையும் விரிந்து, ஏணியில் ஏறி வரையுமளவுக்குப் பெருத்துவிடுகிறது. தட்டிக்கழிக்க முடியாத நீண்ட பயணம் ஒன்று அவனுக்கு முன்னால் இருக்கிறது, நாட்களோ குறைவு. அந்த நேரம் பார்த்து, கால் ஊனமுற்ற பக்கத்து வீட்டுக்காரர் பாரிஷ் வந்து, மனைவிக்குக் காய்ச்சல், காற்றில் கூரை ஓடுகள் பறந்துவிட்டன என்கிறார். நிக்கிள் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே மழையில் மிதிவண்டியை மிதித்து மருத்துவரைத் தேடிப் போகிறான். தானும் காய்ச்சலில் விழுகிறான். ஓவியம் முடியுமுன்பே அவனை அழைத்துப்போக ஆள் வந்துவிடுகிறது.

"நான் சொன்னது இதைத்தானே?" என்று அவசரப்படாதீர்கள். நெடுங்காலம் கழித்து, பயணத்தில் போய்ச் சேர்ந்த நாட்டில், நிக்கிள் தன் மரத்தை உயிருள்ள மரமாகவே காண்கிறான். அதன் இலைகளில் மிக அழகானவை சில, அவனுடைய பாணி முழுமையாகத் துலங்குபவை, பாரிஷின் கூட்டுறவில் உருவானவை என்று அங்கே அவனுக்குப் புரிகிறது. இந்த இடத்தை வாசிக்காமல் தாண்டிவிடாதீர்கள். பாரிஷ் ஓவியத்தை ஏறெடுத்துப் பார்ப்பதே அபூர்வம். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நிக்கிளின் தோட்டத்துக் களைகள்தான். அப்படிப்பட்டவருக்கு இலையில் என்ன பங்கு என்று கேட்டால் கதை விளக்கம் சொல்வதில்லை. ஆனால் மண்ணையும் செடியையும் அறிந்த அதே பாரிஷ் வந்த பிறகுதான் அந்த நாட்டில் ஒரு வீடும் தோட்டமும் எழுகின்றன. கூரைக்குப் போன நேரத்தை இலையின் கணக்கிலிருந்து கழிக்க நீங்கள் யார்?

உங்களைக் கடிந்துகொள்ள எனக்கும் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில், அடுத்த வீட்டுப் பெரியவர் என் கதவைத் தட்டினார். பாதி அத்தியாயத்தில் இருந்த நான் விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவருடைய திண்ணையில், ஒழுகிய தண்ணீரைப் பிடித்த குண்டான்களும் சொம்புகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவர் வழக்கம்போலச் சிரித்தார். அந்த அத்தியாயத்தை நான் இன்னும் முடிக்கவில்லை.