பட்டனை அழுத்தியும் போர்டு எழவில்லையே!

கேள்வி: ஆர்ம் சிப் உள்ள ஒரு போர்டில் லினக்ஸ் ஓட்டுகிறேன். பவர் பட்டனின் இன்டரப்டை (சிப்பைக் கூப்பிடும் சிக்னலை) டிவைஸ் ட்ரீயில் (போர்டில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பில்) எழுதி, கூடவே வேக்கப்-சோர்ஸ் என்றும் போட்டுவிட்டேன். லேசான தூக்கத்திலிருந்து எழுகிறது, ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விட்டால் எத்தனை தடவை அழுத்தினாலும் அசைவதில்லை. சிப் மேனுவலில் 'வேக்கப் இன்டரப்ட் கன்ட்ரோலர்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் பட்டன் நோடு (ட்ரீயில் பட்டனுக்கான பகுதி) இப்போது நேராக ஜிஐசியை, அதாவது இன்டரப்ட்களை வாங்கி ப்ராசஸருக்குக் கொடுக்கும் முக்கிய கன்ட்ரோலரைத்தானே கைகாட்டுகிறது? சிக்கல் அங்கேதான். ஆழ்ந்த தூக்கத்தில் ஜிஐசிக்கே கரண்ட் கிடையாது, அதனிடம் போய் மணியடித்து என்ன பயன்? அந்த நேரத்தில் விழித்திருப்பது நீங்கள் சொல்லும் அந்தச் சின்ன கன்ட்ரோலர் மட்டும்தான். வேக்கப்-சோர்ஸ் என்ற வரி 'இந்தச் சாதனத்துக்கு எழுப்பும் தகுதி உண்டு' என்று டிரைவருக்குச் சொல்லுமே தவிர, சிக்னல் எந்த வழியாகப் போகிறது என்று சொல்லாது.

அதனால் அதற்கு ஒரு நோடு எழுதுங்கள். கம்பாட்டிபிள் (எந்த டிரைவர் என்று காட்டும் பெயர்), ரெஜிஸ்டர் முகவரி, இன்டரப்ட்-கன்ட்ரோலர் என்ற வெறும் வரி, இன்டரப்ட்-செல்ஸ் எண்ணிக்கை (ஓர் இன்டரப்டைக் குறிக்க எத்தனை எண்கள் என்பது), இன்டரப்ட்-பேரன்டாக (அடுத்து சிக்னல் போய்ச் சேரும் கன்ட்ரோலராக) ஜிஐசி. அப்புறம் பட்டன் நோடில் ஜிஐசியை எடுத்துவிட்டு, இன்டரப்ட்ஸ்-எக்ஸ்டெண்டட் (கன்ட்ரோலரையும் சேர்த்தே குறிப்பிடும் வரி) மூலம் இந்தப் புது நோடைக் காட்டுங்கள். பழைய இன்டரப்ட்ஸ் வரியை மறக்காமல் நீக்கிவிடுங்கள், இரண்டும் இருந்தால் எக்ஸ்டெண்டட்தான் செல்லும் என்றாலும் அடுத்து படிப்பவர் குழம்பிப்போவார்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஜிபிஐஓ எக்ஸ்பாண்டரை (கூடுதல் பின்கள் தரும் துணைச் சிப்பை) எழுதிப் பழகிய கை, இந்த நோடுக்குள்ளும் ஒரு இன்டரப்ட்ஸ் வரியைத் தானாகவே சேர்த்துவிடும். எக்ஸ்பாண்டரில் அது சரி, பல பின்கள் உள்ளே வந்து ஒரே லைனாக வெளியே போகிறது. இந்த வகை வேக்கப் கன்ட்ரோலரிலோ ஒவ்வொரு லைனும் தனித்தனியாக உள்ளே வந்து தனித்தனியாகவே ஜிஐசிக்குப் போகிறது, சும்மா ஒரு வாசலைக் கடப்பது மாதிரி. ஆகவே இதற்கென்று சொந்த இன்டரப்ட் எதுவும் இல்லை. எந்தப் பின் எந்த ஜிஐசி எண்ணில் போய் முடிகிறது என்பதுதான் வேண்டும். குவால்காம் சிப்களில் உள்ள பிடிசி என்ற வேக்கப் கன்ட்ரோலரில் அதற்கென்றே ஒரு ரேஞ்சஸ் வரி உண்டு, மூன்று மூன்று எண்களாக: முதல் பின், அது சேரும் ஜிஐசி எண், மொத்தம் எத்தனை. 0, 480, 94 என்று இருந்தால் பின் 2 போய்ச் சேருவது 482-க்கு.

இந்த 480-ஐ மேனுவலில் தேடும்போது கவனம். ஜிஐசியில் முதல் 32 எண்கள் எஸ்ஜிஐ (ப்ராசஸர் கோர்கள் தங்களுக்குள் அனுப்புவது), பிபிஐ (ஒரு கோருக்கு மட்டுமானது) இரண்டுக்கும் ஒதுக்கியவை, எஸ்பிஐ (சாதனங்களிலிருந்து வரும் பொதுவான இன்டரப்ட்) அதன் பிறகுதான் தொடங்குகிறது. எஸ்பிஐ 480 என்பதை மேனுவல் 32 கூட்டி 512 என்று அச்சிட்டிருக்கலாம். இந்த 32-இல் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன், பட்டனை அழுத்தினால் சம்பந்தமே இல்லாத வேறொரு டிரைவர் துள்ளிக்கொண்டிருந்தது.

கேள்வி: கன்ட்ரோலரை டிவைஸ் ட்ரீயில் காட்டாமல் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கோடுக்குள்ளேயே சமாளித்துவிடலாம் என்கிறார் நண்பர். அது தப்பா?

பதில்: ஐ.எம்.எக்ஸ்6 சிப்புக்கு அப்படித்தான் செய்திருந்தார்கள். அதன் வேக்கப் கன்ட்ரோலரான ஜிபிசியை ஜிஐசி டிரைவரில் இருந்த ஒரு கொக்கியில் மாட்டி மறைத்துவிட்டு, எல்லாச் சாதனங்களும் ஜிஐசியோடுதான் பேசுகின்றன என்று ட்ரீயில் எழுதிவைத்தார்கள். 2015-இல் அதை, ஜிபிசி வழியாக ஜிஐசி என்ற முறையான அடுக்காக மாற்றியபோது பழைய ட்ரீயோடு வந்த போர்டுகளில் சஸ்பெண்ட் (தூங்கவைப்பது) வேலை செய்யாது என்று கர்னல் எச்சரிக்கை அச்சிட வேண்டியதாயிற்று. சிப்பில் வயர் எப்படி ஓடுகிறதோ அப்படியே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை வராது. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்டரப்ட்-செல்ஸ் வரியில் போட வேண்டியது 2-ஆ 3-ஆ?

பதில்: அந்தக் கன்ட்ரோலரின் பைண்டிங் (அதை ட்ரீயில் எப்படி எழுத வேண்டும் என்ற விதிக்குறிப்பு) சொல்வதுதான். ஜிஐசிக்கு வழக்கமாக 3: வகை, எண், ட்ரிகர் (சிக்னல் எப்படி இருந்தால் இன்டரப்ட் என்று கொள்வது). பிடிசிக்கு 2: பின், ட்ரிகர். ஐ.எம்.எக்ஸ்6 ஜிபிசி ஜிஐசியைப் போலவே 3 வைத்துக்கொண்டது. ட்ரிகரில் 1 ஏறும் விளிம்பு, 2 இறங்கும் விளிம்பு, 4 உயர் நிலை, 8 தாழ் நிலை. ஜிஐசியின் எஸ்பிஐக்கு 1-உம் 4-உம்தான் தெரியும். பிடிசி மாதிரியானவை சிக்னலைத் திருப்பிப்போட்டு அனுப்பும், அதனால் பட்டன் அழுத்தும்போது லைன் கீழே இறங்குமானால் பட்டன் நோடில் தயங்காமல் 2 என்றே எழுதுங்கள், ஜிஐசிக்குத் தோதாக நீங்களே 1 ஆக்கிவிடாதீர்கள்.

எழுதி முடித்ததும் ப்ராக் இன்டரப்ட்ஸ் (/proc/interrupts) கோப்பைத் திறந்து பாருங்கள். பட்டனின் வரியில் ஜிஐசி என்பதற்குப் பதிலாக வேக்கப் கன்ட்ரோலரின் பெயர் வந்திருந்தால், அப்புறம் தூங்கவைத்துப் பார்க்கலாம்.