முற்றத்துக்கு எந்தத் தளம்?

கேள்வி: வீட்டின் முன்புறத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு, கல் பதித்ததுபோல் தோன்ற ஈரத்திலேயே அச்சு பதித்த கான்கிரீட் நல்லதா, பேவர் பிளாக் நல்லதா?

பதில்: அந்தத் தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ செல்கிறது என்றால், தயங்காமல் பேவர் பிளாக்கையே தேர்ந்தெடுங்கள். கசிவு ஏற்பட்டால் அவ்விடத்துக் கற்களை மட்டும் பெயர்த்து, பழுது நீக்கியபின் அதே கற்களை மீண்டும் பதித்துவிடலாம். அச்சு கான்கிரீட்டை உடைத்தாலோ, ஒட்டுப்போட்ட இடத்தின் நிறம் பழையதோடு ஒத்துப்போவது மிக அரிது. கான்கிரீட் உலரும்போது சுருங்கும் என்பதால், உரிய இடைவெளியில் வெட்டுக்கோடுகள் இடாத தளத்தில் விரிசல் கல் வடிவத்தின் குறுக்கே தாறுமாறாக ஓடி, எந்த அழகுக்காக அதைப் போட்டோமோ அதையே கெடுத்துவிடும். மேற்பூச்சான சீலரையும் 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது ஈரத்தில் வழுக்கக்கூடியது. வீட்டில் முதியவர்கள் இருந்தால், வழுக்கலைத் தடுக்கும் துகள் கலந்த பூச்சையே கேட்டு வாங்குங்கள்.

பேவர் பிளாக்கில் பெரும்பாலான குறைகள் அடித்தளத்தில்தான் தொடங்குகின்றன. ஜல்லியை அடுக்கடுக்காக இறுக்காமல் மணலை மட்டும் பரப்பிக் கல் பதித்தால், சக்கரத் தடத்தில் பள்ளம் விழும். கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. கனமும் நடைபாதைக்கு 60 மி.மீ. கனமும் உள்ள கற்கள் ஏற்றவை. ஓரங்களில் கான்கிரீட் தடுப்பு கட்டச் சொல்லுங்கள். அது இல்லையேல் கற்கள் மெல்ல விலகி, இடுக்குகளில் களை முளைக்கும்.