இசைத் தயாரிப்பு கற்க 3,000 வெள்ளிப் பட்டியல்: வாங்குவதற்கு முன் பெற்றோருக்குச் சில சொற்கள்

உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் இசைத் தயாரிப்பைத் தொழிலாக எடுக்க விரும்புகிறாள், புதிய மேக்புக்கில் தொடங்கி ஒலிபெருக்கி வரை 3,000 வெள்ளிக்குப் பட்டியல் நீட்டியிருக்கிறாள், வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். அதற்காக அவள் ஆர்வத்தையும் தள்ளிவைக்க வேண்டாம். முதல் மூன்று மாதங்களுக்கு வேண்டியதெல்லாம் ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குள் ஒரு பாட்டையாவது முழுதாக முடிக்கிறாளா என்று பாருங்கள். இந்தத் துறையில் தொடங்குபவர்கள் நிறைய, முடிப்பவர்கள் குறைவு.

பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனத்தில் எல்லா இசை மென்பொருளையும் ஏற்ற முடியாது, சாதன நிர்வாகச் செயலி தடுத்துவிடும். குரோம்புக் என்றால் பெரிய மென்பொருள்கள் ஓடவே ஓடா. உலாவியிலேயே இயங்கும் பேண்ட்லேப் அதற்குப் போதும். அது சிங்கப்பூரிலிருந்து வந்த நிறுவனம்தான், இலவசம். வீட்டில் மேக் இருந்தால் கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. விண்டோஸ் என்றால் ரீப்பர்: 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் வேலையைச் சேமிக்கலாம், ஆனால் காசு கட்டும்வரை அதைத் திரும்பத் திறக்க முடியாது. அதன் மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் குரலைப் பதிவு செய்யும் வசதி இல்லை. பாடும் பிள்ளைக்கு அதை வாங்கித் தந்துவிட்டுப் பின்னால் வருந்துகிற பெற்றோர் உண்டு. திருட்டுப் பதிப்பு வேண்டவே வேண்டாம். வைரஸ் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பின்னால் கல்லூரிச் சேர்க்கை நேர்காணலில் எந்த மென்பொருள் என்று கேட்டால் அவள் நெளிய வேண்டியிருக்கும்.

மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் நிலைத்திருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள். முதலில் கம்பி வைத்த, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன். அடுத்து, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், அவை இரண்டையும் இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கம்பி, ஸ்டாண்ட். கடைசியாக 25 விசைகள் கொண்ட மிடி கீபோர்டு; அது தானே ஒலிக்காது, கணினியிலுள்ள கருவிகளை வாசிக்க உதவும். தொடக்கநிலைப் பொருள்களாகப் பார்த்தால் எல்லாம் சேர்த்து 500, 600 வெள்ளிக்குள் முடிக்கலாம். கரோசெல் இணையச் சந்தையில் பழையது இன்னும் மலிவு. வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குவதென்றால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒலிபெருக்கியை விட்டுவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரவு பத்தரைக்கு மேல் அதைத் திறக்க முடியாது, எதிரொலியைச் சீர்செய்யாத அறையில் அது சொல்லும் பாஸும் (தாழ்ந்த ஒலியும்) பொய்.

இனி, பிள்ளைகள் மனம் உடையும் இடங்கள். முதலாவது தாமதம். பாடுவது காதில் வந்து சேரச் சற்று நேரமாகிறது, தாளம் தப்புகிறது, ‘எனக்குத் திறமை இல்லை’ என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. பழி பெரும்பாலும் பஃபர் அமைப்பின் மேல், அதாவது கணினி ஒலியை எத்தனை துண்டுகளாக (சாம்பிள்) சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பதன் மேல். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் ஒரு திசைக்கே சுமார் 21 மில்லிவினாடி, 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. பதிவின்போது 128, கலவை செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளட்டும். 128-ல் டப்டப்பென்று சத்தம் வந்தால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். 256-க்கு ஏற்றலாம், அல்லது எஃபெக்டுகளை அணைக்கலாம். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை நிறுவ வேண்டும். புளூடூத் ஹெட்ஃபோனில் பாடிப் பதிவு செய்யவே முடியாது, எந்த அமைப்பும் அதைத் திருத்தாது.

அடுத்தது ஒலி அளவு. மீட்டரில் பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடையும், பிறகு ஒட்ட முடியாது. உரக்கப் பாடும் வரியிலும் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி கெயினை (மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை) வைத்து, 24 பிட்டில் பதியட்டும். மின்சாரம் ஊட்டினால்தான் இயங்கும் கண்டென்சர் மைக்கில் சத்தமே வராவிட்டால் இன்டர்ஃபேஸில் அதை ஊட்டும் 48 வோல்ட் பொத்தானைப் பாருங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் குற்றவாளி சார்ஜர். பேட்டரியில் பதியுங்கள்.

வீட்டிலுள்ள பாம் ஷெல்ட்டருக்குள் (பாதுகாப்பு அறைக்குள்) பதிவு செய்யும் யோசனை எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். தெருச் சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் நாலு பக்கமும் வெறும் கான்கிரீட், குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் குமுறும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதற்கு முதுகு காட்டி நின்று, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாடுவது மேல். மின்விசிறி, ஏர்கான் இரண்டும் நிற்க வேண்டும். வியர்க்கும்.

கர்நாடக இசை கற்ற பிள்ளைக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இணையப் பாடங்கள் பலவற்றில் அதைக் காண முடியாது. குரலைத் திருத்தும் மென்பொருளை வேகமாக வைத்தால் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) படிக்கட்டாக உடைந்துவிடும். ரீட்யூன் வேகத்தைத் தளர்த்தி, நீண்டு நிற்கும் சுரங்களை மட்டும் தொட வேண்டும். மிடி கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரம் வழக்கமாக இரண்டு அரைச்சுரமே நகரும், ‘ஸ’விலிருந்து ‘ப’வுக்கு இழுக்க ஏழு வேண்டும். கீபோர்டில் தேடினால் அந்த அமைப்பு கிடைக்காது, கணினியில் ஒலிக்கும் மென்பொருள் கருவியின் அமைப்பில் 12 என்று மாற்ற வேண்டும். பாடும் சுருதி ஐந்தரைக் கட்டை என்றால் மென்பொருளில் ஜி ஷார்ப். ஆதி தாளத்துக்கு 4/4-ல் இரண்டு பார், மிஸ்ர சாப்புக்கு 7/8, கண்ட சாப்புக்கு 5/8 என்று பாட்டைத் தொடங்கும்போதே குறித்துக்கொள்ளட்டும். திஸ்ர நடையைப் பதினாறாம் பாகக் கட்டத்தில் குவாண்டைஸ் செய்தால் (அடிகளைக் கட்டத்தோடு ஒட்டவைத்தால்) மிருதங்கம் நொண்டும், மூன்றாகப் பிரியும் டிரிப்லெட் கட்டத்துக்கு மாற வேண்டும். இந்தக் காது அவளுக்கு இருந்தால், நேர்காணலில் மற்றவர்களிடமிருந்து அவளைப் பிரித்துக் காட்டுவது இதுதான்.

படிப்புக்கு வருவோம். உயர்நிலை நான்கில், ஆண்டின் நடுவில், பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவுக்கு முன்பே ஆர்வம், படைப்புத் தொகுப்பு, நேர்காணல் இவற்றைப் பார்த்து நிபந்தனையோடு இடம் தருவார்கள். குறைந்தபட்சத் தகுதியை எட்டியாக வேண்டும், ஆகவே கணக்கையும் ஆங்கிலத்தையும் கைவிட வேண்டாம். லாசால் கலைக் கல்லூரியில் ஆடியோ தயாரிப்புப் பட்டயப் படிப்பு இருக்கிறது. லாசாலும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இப்போது சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். பட்டப்படிப்பு அளவில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரியில் ஒலிப்பதிவுத் துறையும் உண்டு. பாடப்பிரிவுகளின் பெயர் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலைப் பாருங்கள்.

சம்பளம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மாதச் சம்பளத்தோடு ‘இசையமைப்பாளர்’ என்ற வேலை இங்கே மிக அரிது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் ஒலித்தொகுப்பு, விளம்பரம், கணினி விளையாட்டு, சமூக மன்றம் முதல் எஸ்பிளனேட் வரை மேடை ஒலி, இவற்றில்தான் அன்றாட வேலை. வருமானத்தில் பெரும் பங்கு ஒப்பந்த வேலையாக வரும், ஒரு மாதம் நிறைய, மறு மாதம் குறைய. மெட்டுப் போடுவதோடு வசனத்தைச் சுத்தமாகப் பதியவும் மேடையில் மைக் போடவும் தெரிந்தவருக்குக் கூப்பிடுவோர் அதிகம். பள்ளியின் ஒலி, ஒளி இணைப்பாட நடவடிக்கைக் குழுவில் இடம் இருந்தால் இந்த ஆண்டே சேரச் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு முடித்த பாட்டு ஒன்றை வேவ் கோப்பாகக் கொண்டு வரட்டும். கூடவே ஒரு பக்கத்தில், எங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தாள் என்று எழுதி வரட்டும். அதைப் பார்த்த பிறகு மடிக்கணினி பற்றிப் பேசுவோம்.