மழை பார்த்துத் துடைக்கும் வைப்பர்: கூடுதல் காசு கொடுக்கலாமா?

கார் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் புதுக் கார் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாடலில் இரண்டு வகை இருக்கிறது. மேல் வகைக்குச் சில ஆயிரம் வெள்ளி அதிகம். அதில் மழை விழுந்தால் தானாகவே ஓடும் வைப்பர் உண்டு. "சிங்கப்பூர் மழைக்கு இது இல்லாமல் முடியாது" என்கிறார் விற்பனையாளர். "உனக்குக் கை இல்லையா?" என்கிறார் கணவர். நான் தாதியாக வேலை பார்க்கிறேன். இரவு வேலை முடிந்து விடிகிற நேரத்தில் கேபிஇ விரைவுச்சாலை வழியாக வீட்டுக்கு வருவேன். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, செங்காங்

பதில்: அம்மா, விற்பனையாளர் சொல்வது கால்வாசி சரி. உங்கள் கணவர் சொல்வது முக்கால்வாசி சரி. அந்தக் கால்வாசியும் நீங்கள் கேபிஇயில் வருகிறீர்கள் என்பதால்தான்.

முதலில் நம் ஊர் மழையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மழை விழுகிற நாள்கள் 170ஐ ஒட்டி வரும். கேட்டால் பெரிதாகத் தெரியும். ஆனால் இதில் நிறைய, திடீரென்று கொட்டிவிட்டு ஓய்ந்துபோகிற மழை. அப்படிக் கொட்டும்போது தானியங்கி வைப்பர் என்ன செய்யும்? முழு வேகத்தில் ஓடும். அது இல்லாத காரில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியைத் தட்டி முழு வேகத்தில் விடுவீர்கள். இரண்டிலும் கண்ணாடிக்கு முன்னால் தெரிவது ஒரே தண்ணீர்தான். ஆகவே, "சிங்கப்பூர் மழை" என்று சொல்லி விற்கிறவர் இந்த வைப்பருக்கு வேலையே இல்லாத மழையைக் காட்டித்தான் விற்கிறார்.

அது உதவுகிற இடம் வேறு. கேபிஇயில் சுரங்கம் மட்டுமே 9 கிலோமீட்டர். நகரப் பக்கம் மழையோடு உள்ளே நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கண்ணாடி காய்ந்துவிடும். வைப்பரை நிறுத்த மறந்தால் காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிரீச்சிடும், நிறுத்துவீர்கள். சுரங்கம் முடிந்து டிபிஇ விரைவுச்சாலைப் பக்கம் மேலே ஏறும்போது வெளியே மழை நின்றிருக்கலாம், இரண்டு மடங்காகவும் ஆகியிருக்கலாம். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து அடித்துக்கொண்டு வருகிற காற்றுமழை உங்களுக்குத் தெரியாததா? வெளியே வந்த நொடியில் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். தூக்கக் கலக்கத்தில் கை குச்சியைத் தேடுவதற்குள் சென்சார் ஒரு தடவை துடைத்து முடித்திருக்கும். பக்கத்துத் தடத்தில் போகும் லாரி தேங்கிய நீரை வாரி அடிக்கும்போதும் அப்படித்தான். ஜோகூர் தாண்டி நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் லாரியை முந்துகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும். உள்ளே, பின்னால் வருவதைப் பார்க்கிற நடுக்கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியில் ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் சென்சார். அதிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி சாய்வாகக் கண்ணாடிக்குள் போகும். வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் ஒளி அப்படியே எதிரொளித்துத் திரும்பி வரும். வெளியே நீர்த்துளி உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் ஒளி அந்தத் துளி வழியாக வெளியே போய்விடும். திரும்பி வருவது எவ்வளவு குறைகிறது, எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதைப் பார்த்துத்தான் வைப்பரின் வேகம் முடிவாகிறது. டெஸ்லா இந்தப் பெட்டியை விட்டுவிட்டுக் கேமராவை நம்புகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, பெட்டி பார்க்கிற இடம் உங்கள் உள்ளங்கையில் பாதிகூட இராது. அந்த இடத்தில் துளி விழுந்தால்தான் அதற்கு மழை. உங்கள் கண்ணுக்கு நேரே எண்ணெய்ப் படலம் பரவி, எதிரே வரும் விளக்கெல்லாம் சிதறித் தெரிகிறதே, அது அதற்குத் தெரியாது. பூந்தூறலில் நமக்கு எரிச்சலாக இருக்கும்போது அது சும்மா இருக்கும். கண்ணாடி நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் நினைக்கும்போது படபடவென்று அடிக்கும். இதற்காகவே பல கார்களில் குச்சியில் ஒரு திருகு இருக்கும், உணர்திறனைக் கூட்டவோ குறைக்கவோ. வாங்கியவர்களில் பலர் அதைத் தொட்டதே இல்லை. "சென்சார் கெட்டுவிட்டது" என்று என் பட்டறைக்கு வந்தவர்களில் சிலருக்கு அந்தத் திருகைத் திருப்பிக் காட்டி அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பணம் வாங்க மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீழ் வகைக் காரில் விட்டு விட்டுத் துடைக்கிற வைப்பர் கட்டாயம் இருக்கும். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1960களில் ராபர்ட் கேர்ன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதைச் செய்து காட்டி, 1967இல் காப்புரிமை பெற்றார். திருமண இரவில் ஷாம்பெயின் பாட்டிலின் தக்கை தெறித்து இடக்கண்ணில் பார்வை போனவர். கண் இமை விட்டு விட்டுத்தானே மூடுகிறது, வைப்பர் மட்டும் ஏன் ஓயாமல் ஆட வேண்டும் என்று யோசித்தாராம். பெரிய கார் நிறுவனங்களோடு பல ஆண்டுகள் வழக்காடியும் ஜெயித்தார். என்னைக் கேட்டால், வைப்பர் வரலாற்றில் பெரிய தாவல் அதுதான். அதற்குமேல் சென்சார் வந்தது நல்ல வசதி, அவ்வளவுதான்.

எனவே வைப்பருக்காக மட்டும் சில ஆயிரம் வெள்ளி கொடுக்காதீர்கள். மேல் வகையில் வேறு என்ன வருகிறது என்று பட்டியலைக் கேளுங்கள். தானாக பிரேக் போடும் வசதி, பக்கத்துத் தடத்தில் மறைவாக வரும் மோட்டார் சைக்கிளைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை இவையெல்லாம் அதில் மட்டும்தான் உண்டு என்றால், அவற்றுக்காக வாங்குங்கள். வைப்பர் கூடவே வரட்டும். அவை இரண்டு வகையிலும் இருக்கிறது, மேல் வகையில் கூடுவது வைப்பரும் தோல் இருக்கையும் பளபளப்பும்தான் என்றால் கீழ் வகையே போதும். அதையும் வாங்குமுன் ஒன்றைச் சோதியுங்கள். விட்டு விட்டுத் துடைக்கும்போது இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, இல்லை ஒரே இடைவெளிதானா? முடியும் என்றால் தானியங்கியின் பலனில் பெரும்பகுதி உங்கள் விரல் நுனியில் வந்துவிடும்.

ஒருவேளை மேல் வகையையே எடுத்தால் கணவரிடம் சொல்லுங்கள்: கை இருக்கிறது, தூக்கம்தான் இல்லை.

கேள்வி: கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டது. புதுக் கண்ணாடி போட்டேன். அன்றிலிருந்து நல்ல வெயிலில் வைப்பர் தானாக ஆடுகிறது, மழையில் தூங்குகிறது. சென்சாரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், ஈசூன்

பதில்: அவசரப்பட வேண்டாம், தம்பி. சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே பசை போன்ற ஒரு மெல்லிய தகடு உண்டு. ஒளி தடையில்லாமல் போய்வர அது கண்ணாடியோடு முழுதாக ஒட்டியிருக்க வேண்டும். பழைய தகட்டையே திரும்ப ஒட்டினாலோ, அவசரத்தில் அழுத்தினாலோ உள்ளே காற்றுக் குமிழி நின்றுவிடும். குமிழியை அது மழைத்துளி என்று எடுத்துக்கொள்ளும். காரின் வெளியே நின்று டார்ச் அடித்து, நடுக்கண்ணாடிக்குப் பின்னால் அந்த இடத்தைப் பாருங்கள். குமிழி தெரிந்தால் தகட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சென்சார் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

குமிழி இல்லையென்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, போட்ட கண்ணாடி உங்கள் கார் வகைக்கு உரியதுதானா? ஒரே மாடலுக்குச் சென்சார் உள்ள கண்ணாடி, இல்லாத கண்ணாடி என்று வெவ்வேறாக வரும். இரண்டாவது, புதுக் கண்ணாடிக்கு வெயில் தாள் ஒட்டினார்களா? சென்சார் இருக்கும் இடத்தில் தாளை வெட்டி விட்டிருக்க வேண்டும். அப்புறம், முன்கண்ணாடி வழியாக வெளிச்சம் 70 விழுக்காடாவது உள்ளே வர வேண்டும் என்பது நம் ஊர்ச் சட்டம். ரொம்பக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் வைப்பரைவிடப் பெரிய தலைவலி காத்திருக்கிறது.

கேள்வி: நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வைப்பரை எப்போதும் 'ஆட்டோ' நிலையிலேயே (தானாக ஓடும்படி) வைத்திருப்பதால் ரப்பர் சீக்கிரம் தேய்கிறதா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ரப்பரைத் தின்பது பெரும்பாலும் நம் வெயில்தான், ஆட்டோ இல்லை. திறந்தவெளியில் நிறுத்துகிற காருக்கு ஆறு மாதத்திலேயே ரப்பர் கெட்டித்துக் கோடு போடத் தொடங்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பலமாடி நிறுத்துமிடத்தில் நிற்கிற காருக்கு ஒரு வருடம்கூடத் தாங்கும். பார்வை நேரே கோடு விழுந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். எவ்வளவு விலையுள்ள சென்சாரானாலும் கெட்ட ரப்பரை வைத்துக்கொண்டு அதனால் துடைக்க முடியாது.

ஆனால் ஆட்டோவிலேயே விட்டுவைப்பதில் வேறொரு கெடுதல் உண்டு. சில கார்கள் கிளப்பினதும் ஒரு தடவை துடைத்துப் பார்க்கும். இரவு முழுக்க மரத்தடியில் நின்ற காரில் காய்ந்த பறவை எச்சமும் மணலும் இருந்தால், அந்த ஒரு துடைப்பே கண்ணாடியில் கீறல் போடப் போதும். நிறுத்தும்போது குச்சியை அணைத்துவிட்டு, காலையில் தண்ணீர் பீய்ச்சித் துடைத்தபின் ஆட்டோவுக்குப் போங்கள். பெட்ரோல் நிலையத்தில் கார் கழுவும் இயந்திரத்துக்குள் நுழையுமுன்னும் கண்டிப்பாக அணையுங்கள். தூரிகை இறங்குகிற நேரத்தில் வைப்பர் எழுந்தால் அதன் கை வளைந்துவிடும், அதற்கு இயந்திரக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.