வெளிநாட்டுப் பிள்ளைய படிக்க வைக்கணும்னா: பினாங்கு டீச்சர் பதில் சொல்றாங்க

வணக்கம். தமிழ்ப்பள்ளியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ நான். இப்ப நேபாளம், இலங்கை மலையகம் ரெண்டு பக்கமும் பிள்ளைங்க படிப்புக்கு உதவுற ஒரு சின்ன குழுவுல கணக்கு வழக்கு பார்க்குறேன். கேள்வி நெறைய வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்தத சேர்த்துட்டேன்.

பட்டர்வொர்த் அம்மா: டீச்சர், இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்கூலுக்கு அனுப்பலாம்னு வீட்ல இருந்த யுபிஎஸ்ஆர் (நம்ம மலேசியாவுல ஆறாம் ஆண்டு பிள்ளைங்க எழுதுன பரீட்சை) பயிற்சி புத்தகம் எல்லாம் பெட்டி போட்டு வெச்சிருக்கேன். கொரியரா, கப்பலா, எது மலிவு?

ரெண்டும் வேணாம்மா. யுபிஎஸ்ஆரையே 2021ல எடுத்துட்டாங்க, இங்கயே யாரும் சீந்தாத புத்தகம் அங்க போய் என்ன செய்யப் போகுது? அங்க பாடத்திட்டமே வேற, பாடநூல அரசாங்கமே இலவசமா குடுத்துடுது, அஞ்சாம் வகுப்புல புலமைப்பரிசில் பரீட்சைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு பழைய வினாத்தாள் எல்லாம் அவங்க கடையிலயே கெடைக்கும். எங்ககிட்ட வந்த ஒரு பெட்டிய பிரிச்சா பாதி விடை பென்சில்ல எழுதி அரைகுறையா அழிச்சிருக்கு, நடுவுல ஒரு பையனோட டென்டிஸ்ட் சீட்டு வேற. அத அனுப்பறதுக்கு தபால் செலவு யாரு தலையில?

அங்க குறைச்சலா இருக்கறது கதைப்புத்தகம். பெரிய படம், பக்கத்துக்கு ரெண்டு வரி, பிள்ளை பேசுற பாஷையில இருக்கணும். பினாங்கு சவ்ராஸ்தா மார்க்கெட் மாடியில இங்கிலீஷ் புக்கு மலிவா இருக்குன்னு அள்ளிட்டு வராதீங்க, தன் பாஷையிலயே இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அது அலமாரி அலங்காரம்தான். அங்க இருக்கற டீச்சர்கிட்ட எந்த வகுப்புக்கு என்ன வேணும்னு ஒரு லிஸ்ட் கேட்டு வாங்குங்க, காச அனுப்பி கொழும்புலயே வாங்கச் சொல்லுங்க. பல நேரம் அந்த லிஸ்ட்ல முதல்ல இருக்கறது புக்கே இல்ல, ஷூவும் பஸ் காசும்தான்.

செந்தூல் தம்பி: நேபாளத்துல ஏழாவது படிக்கிற பொண்ணுக்கு ஸ்பான்சர் பண்றேன் டீச்சர். லெட்டர்ல என்ன எழுதறதுன்னே தெரியல. போன வாரம் ஃபேஸ்புக்ல அவளே ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கா, ஏத்துக்கலாமா?

ஏத்துக்காதீங்க தம்பி, உடனே ஸ்பான்சர் ஏற்பாடு பண்ணிக் குடுத்த நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்க. அது அவதானான்னு மொதல்ல தெரியாது, அவளாவே இருந்தாலும் ஒரு சின்னப் பொண்ணும் காசு குடுக்கற ஆம்பளையும் தனியா பேசிக்கற வழி இருக்கவே கூடாது. லெட்டர் எல்லாம் நிறுவனம் படிச்சுட்டுத்தான் ரெண்டு பக்கமும் போகணும், லேட்டாகும், ஆகட்டும்.

எழுதறது சின்னச் சின்ன வாக்கியமா இருக்கட்டும், யாரோ ஒருத்தர் நேபாளியில மாத்தணும்ல. "நல்லா படி, முன்னேறு"ன்னு அட்வைஸ் அள்ளிக் கொட்டாதீங்க, அத அவ வீட்லயே போதுமான அளவு கேட்டிருப்பா. இங்க எப்படி மழை பெய்யுது, தைப்பூசத்துல பத்துமலை எப்படி இருந்துச்சு, நீங்க ஏழாவதுல எந்தப் பாடத்துல தடுமாறுனீங்கன்னு எழுதுங்க, கடைசியில ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அவ பதில் எழுதறதே ஒரு எழுத்துப் பயிற்சிதான். வீடு, காரு போட்டோ மட்டும் வேணாம்.

புக்கிட் மெர்தாஜாம் ஐயா: இதுக்கு வருமான வரியில கழிவு உண்டா?

நேபாளத்து ஸ்கூல் ரசீதுக்கு இல்லங்க ஐயா. மலேசிய வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவுல அங்கீகாரம் வாங்குன இங்கத்து அமைப்புக்கு குடுத்த பணத்துக்குத்தான், அதுவும் மொத்த வருமானத்துல 10 சதவீதம் வரைக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா: நம்ம ஊர்லயே கஷ்டப்படற பிள்ளைங்க இருக்க, எதுக்கு டீச்சர் வெளிநாடு?

நியாயமான கேள்விதான், இதுக்கு நான் சண்டை போட மாட்டேன். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்து போடல, அதனால அகதிப் பிள்ளைங்களுக்கு அரசாங்க ஸ்கூல்ல எடம் கெடையாது. கோலாலம்பூர் பக்கத்துலயே அம்பாங், செலாயாங் பக்கம் ரோஹிங்யா பிள்ளைங்க கடைவீட்டு மாடியில நடக்கற கற்றல் மையத்துலதான் படிக்குதுங்க. காசு இல்லாட்டியும் பரவால்ல, வாரம் ஒரு நாள் போயி கணக்கு சொல்லிக் குடுங்க. ஆனா நாலு வாரம் போயிட்டு நிக்கறதா இருந்தா போகவே வேணாம்.

ஜெலுத்தோங், தமிழ்ப்பள்ளி டீச்சர்: என் வகுப்பையும் நேபாளத்து ஒரு வகுப்பையும் சேர்த்து வாசிக்க வைக்கலாமா?

தாராளமா. பெங்களூர் பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல பிள்ளைங்க கதை சும்மா கெடைக்குது, தமிழும் இருக்கு நேபாளியும் இருக்கு, பிரின்ட் எடுக்க யாருகிட்டயும் பெர்மிஷன் கேட்க வேணாம், எழுதுனவங்க பேரு அதுல இருந்தா போதும். ரெண்டு பாஷையிலயும் இருக்கற ஒரே கதையா தேடி எடுங்க, படம் ஒண்ணுதானே, உங்க பசங்க தேவநாகரி எழுத்தப் பார்த்து இது என்ன அது என்னன்னு கேட்கும், அங்கயும் அப்படித்தான். ஜூம் வெச்சா நேரம் பார்த்துக்குங்க, அவங்க நம்மள விட ரெண்டேகால் மணி நேரம் பின்னாடி, சனிக்கிழமை லீவு. நமக்கு மத்தியானம் ஒரு மணின்னா அங்க பத்தே முக்கால், அந்த நேரம்தான் ரெண்டு பக்கத்துக்கும் ஒத்து வரும்.