எடை குறைய ஆபரேஷன் செய்துகொள்வது சோம்பேறிகளின் குறுக்கு வழி இல்லையா? வாயைக் கட்டினால் போதாதா?

கேள்வியைப் படித்த பிறகு பேசாமல் கடந்து போக முடியவில்லை. ஏறக்குறைய இதையேதான் என் மாமியார் 2021 ஜனவரியில் கேட்டார். "வயித்த அறுத்துத்தான் மெலியணுமா கண்ணு, வாயைக் கட்டுனாப் போதாதா?" அவர் பயத்தில் கேட்டார், அதனால் வருத்தமில்லை. 'சோம்பேறி' என்ற சொல்தான் சுடுகிறது. உங்கள் மனைவிக்கோ தங்கைக்கோ டாக்டர் இதைச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர் இவ்வளவு கோபமாகக் கேட்க மாட்டார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எந்த மருத்துவமனைக்கும் விளம்பரம் செய்யவில்லை. எல்லோரும் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை.

அப்போது என் உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 45-ஐத் தொட்டிருந்தது. வாயைக் கட்டாமலா இருந்தேன்? கொள்ளுக் கஞ்சி, பேலியோ, விடியற்காலை ஐந்து மணி நடை, ராத்திரி சோறே இல்லை என்று பத்து வருடம் ஓடியது. ஒரு முறை ஆறு மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். அடுத்த ஒன்றரை வருடத்தில் 18 கிலோ ஏறியது. என் மனவுறுதிதான் சரியில்லை என்று நானே நம்பியிருந்தேன். எடை குறைந்தால் உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு இறங்கவில்லை என்று 2011-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வே காட்டியிருக்கிறது. அதைப் படித்த அன்று அழுதுவிட்டேன்.

என்னை ஆபரேஷனுக்குத் தள்ளியது அழகு இல்லை, தூக்கம். ஒரு ராத்திரி மூச்சு நின்றுபோய்த் திணறுவதைப் பார்த்துவிட்டு என் கணவர் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். பரிசோதித்ததில் மணிக்கு 46 முறை மூச்சுத் தடைபடுகிறது என்று வந்தது. 30-ஐத் தாண்டினாலே கடுமையான நிலை என்பார்கள்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒரு குழாய் போல ஆக்குவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். ஆகவே இடம் குறைவது மட்டும் இல்லை, பசியே மாறுகிறது. திரும்ப ஒட்டவைக்க முடியாது, இதை நன்றாக யோசிக்க வேண்டும். தையல் போட்ட இடம் கசிவது, ரத்தக்கசிவு, ரத்தக்கட்டி போன்ற ஆபத்துகளும் உண்டு. 2024-ல் சென்னையில் இந்த சிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தி வந்ததும் உறவினர் எட்டுப் பேர் எனக்கு அனுப்பினார்கள். ஆபத்தே இல்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை.

இப்போது 'குறுக்கு வழி' பற்றி. கல்லீரல் சுருங்க வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு வாரம் மோர், சூப், புரோட்டீன் பவுடர் மட்டும். முடிந்த பிறகு மருந்து மூடியால் 30 மில்லி தண்ணீரைக் கால் மணி நேரம் உறிஞ்ச வேண்டும். அப்புறம் பருப்புத் தண்ணீர், வடிகட்டிய ரசம், அப்புறம் குழைத்த சோறு. ஐந்தாவது வாரம் அரை இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் கிடந்தேன். நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இன்றும் தினமும் 60 கிராம் புரதம், வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரை, வருடாவருடம் ரத்தப் பரிசோதனை. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாகும்வரை இப்படித்தான். இது சோம்பேறி செய்கிற வேலையா, நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றரை வருடத்தில் 74 கிலோவுக்கு வந்தேன். இப்போது 79. ஐந்து கிலோ ஏறியதை மறைக்கவில்லை. ஆனால் மூச்சு மெஷின் இல்லாமல் தூங்குகிறேன்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 'இது அழகு சிகிச்சை' என்று ஒரே வரியில் இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பியது. பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல், டாக்டர் பரிந்துரைத்தால் இந்தச் செலவை ஒதுக்கக் கூடாது என்று 2019-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ வெளியிட்ட விதியிலேயே இருக்கிறது. அதைக் காட்டி, தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் வைத்து ஏழு மாதம் எழுதிய பிறகுதான் பணம் வந்தது. அதுவரை என் வளையல் அடகுக் கடையில் இருந்தது. மாரடைப்பு வந்தவரை இப்படித் திருப்பி அனுப்புவார்களா?

எடை குறைக்கும் ஊசி இருக்கிறதே என்பீர்கள். மவுஞ்சாரோ, வெகோவி இரண்டும் 2025-ல்தான் இந்தியாவுக்கு வந்தன. சிலருக்கு நல்ல வழிதான், நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது. உங்கள் வீட்டில் யாருக்கு எது சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை அவர்களோடு நீங்களும் போய் உட்கார்ந்து கேளுங்கள். ஸ்லீவா, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸா, கசிவு வந்தால் இங்கேயே பார்ப்பீர்களா, டயட்டீஷியன் எத்தனை வருடம் கூட இருப்பார் என்று கேளுங்கள். குழந்தை வேண்டும் என்று இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடமாவது, முடிந்தால் ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்வார்கள், அதையும் கேளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பந்தியில் அடுத்த ஆள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் வழக்கம் எப்போதுதான் போகும்? போன வைகாசியில் கணவரின் சித்தப்பா மகள் கல்யாணத்தில் நான் இரண்டாவது வாய் மென்றுகொண்டிருந்தபோதே ஒரு அம்மா என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், "சாப்பிடலைன்னா எந்திரிம்மா, இலையை வீணாக்காதே" என்றார். ஒரு கரண்டி சோற்றையும் பருப்பையும் மென்று முடிக்க எனக்கு 25 நிமிடம் ஆகும். அன்று பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து என் மாமியார் குழையக் குழைய ஒரு கிண்ணம் பருப்புச் சாதம் பிசைந்து வைத்தார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.